காதை யாரும் சொல்வதில்லை

என்னைக் கொன்றது நீர்தான், படம் எடுத்த தம்பி. வேறு யாரையும் நான் கைகாட்டப் போவதில்லை. ஷெல்லால் முடியாததை, பட்டினியால் முடியாததை, முகாமில் முள்ளுக்கம்பிக்குள் இருந்தபோது வந்த வயிற்றோட்டத்தால் முடியாததை ஒரு வெள்ளைத் திரையில் நீர் செய்து முடித்துவிட்டீர். அதுவும் படம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில், நான் கதிரையில் சரியாக இருந்து வேட்டியை இழுத்துவிட முன்னமே. பலகையில் கீறிய ஒரு முகம், அதற்கு ஒரு மாலை, கீழே ஓவியர் கிறகோரி என்று எழுத்து, பிறந்த ஆண்டு, ஒரு சின்னக் கோடு, அதற்குப் பக்கத்தில் மற்ற ஆண்டு. முகம் என்னுடையது. மாசிலாமணி, மரம் அரிகிற மரக்காலைக்கு முதலாளி, வயது அறுபது, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, பின்னாலிருந்து நாலாவது வரிசை. ஜன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டியிருக்கிறீர்கள். வெளியே நாலுமணி வெயில் எரிகிறது, உள்ளே இருட்டில் இருந்து நான் செத்த ஆண்டை வாசிக்கிறேன். யாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள், அந்தப் பலகையில் இருக்கிறவனுக்குத் தலை நிறைய மயிர், கன்னம் ஒட்டியிருக்கிறது, பல்லெல்லாம் சொந்தப் பல். இங்கே இருக்கிறது மொட்டைத் தலையும் தொந்தியும். நாகேஸ் மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “பேசாமல் இருங்கோ,” என்றாள். “நான் ஒண்டும் கதைக்கேல்லையே.” “கதைக்கப் போறீங்கள். முப்பது வருசமா உங்களோட குடும்பம் நடத்திறன், எனக்குத் தெரியாதோ.” பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அது உங்கட காது எல்லோ,” என்றாள்.

காதுதான். இடது காதின் சோணை அரைவாசி இல்லை. மரக்காலையில் வட்டவாளுக்குப் பாலை மரக் குற்றியைத் தள்ளும்போது ஒரு சிராய் தெறித்து அறுத்துக்கொண்டு போனது, இருபத்தாறு வயதில். அப்போது முதலாளி நான் இல்லை, வாள் தள்ளுகிறவன். மரத்தூளுக்குள் விழுந்த காதுத் துண்டைத் தேடாதே, வேலையைப் பார் என்று சொன்னவனிடம் இருந்துதான் பிறகு அந்த மரக்காலையையே பேசி வாங்கினேன். அது கிடக்கட்டும். உம்முடைய படம் ஓடுகிறது. விரலில்லாத கையால் தட்டித் தாளம் சொல்லித் தருகிற தவில்காரர் வந்து போனார், பங்கருக்குள் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கிய மனிசி வந்து போனார், எல்லாருக்கும் நீர் வயலின் இசை போட்டிருக்கிறீர், பிறகு திரும்பவும் கிறகோரி. கிறகோரி கீறிய படங்களைத் தேடி நீர் வீடு வீடாகப் போகிறீர். முதல் வீட்டில் ஒரு தாய், தகரச் சுவர், சுவரில் ஒரு பெடியன், பெடியனின் இடது காது அரைவாசி இல்லை. இரண்டாவது வீட்டில் ஒரு தகப்பன். சுவரில் மீசை வைத்த ஒருவன், அவனுக்கும் அதே காது. மூன்றாவது வீட்டில் சுவரே இல்லை, படத்தை அரிசிச் சாக்கின்மேல் சாய்த்து வைத்திருக்கிறார்கள், காது. நான் என் காதைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. இருட்டில் தொட்டால் அது என் காது மாதிரி இல்லை, யாருடையதோ, கடனுக்கு வாங்கி ஒட்டினது மாதிரி. அப்போதுதான் தாடிவைத்த ஒரு விமரிசகரை, பின்னால் புத்தக அலுமாரியோடு, நீர் கொண்டுவந்து இருத்தினீர். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொல்கிறார், இந்த அறுந்த காது தற்செயல் அல்ல, கேட்கக் கூடாததையெல்லாம் கேட்ட ஒரு மக்களின் காது இது, ஓவியர் தன் ஒவ்வொரு படத்திலும் விட்டுச்சென்ற மௌன முத்திரை என்று. மண்டபத்தில் நாலைந்து பேர் ம்ம் என்றார்கள். “பாலைச் சிராய் எண்டு எழும்பிச் சொல்லட்டோ,” என்றேன். “இருங்கோ எண்டெல்லோ சொன்னனான்,” என்றாள் நாகேஸ். ஆனால் அவளுடைய தோள் குலுங்கியது, சிரிப்பா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

மௌன முத்திரையாம். காதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான் விசயம். இதை நீர் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்டீர், ஓம், கேட்க வந்தீர், இரண்டு வருடத்துக்கு முன்னம், கமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு மரக்காலை வாசலில் நின்று, ஐயா, கிறகோரியோட பழகினவர் எண்டு கேள்விப்பட்டம் என்றீர். அப்போது நான் ஒருவனோடு தேக்கங்குற்றி விலை பேசிக்கொண்டிருந்தேன். செத்தவங்களை வித்துப் பிழைக்கிறதெண்டால் வேற வாசலுக்குப் போம் என்று கத்தினேன். குற்றி பேசினவனும் பயத்தில் போய்விட்டான். ஆனால் நீர் இன்னொரு முறை வந்திருக்க வேண்டாமா. நான் ஒருவனிடம் ஒரு பலகைக்கு ஏழு முறை போவேன், ஏச்சு வாங்குவேன், எட்டாம் முறை போவேன். நீர் ஒரு ஏச்சோடு போய்விட்டீர். போய், தெரியாததையெல்லாம் நீரே இட்டு நிரப்பினீர். கிறகோரி அப்படி இல்லை. கிறகோரி முதல்நாள் பிளைவூட் பலகை கேட்டு வந்தபோது நான் சும்மா தரமாட்டேன் என்றேன். “செத்த பிள்ளையளின்ர படம் கீற, தாயள் கேட்கினம்,” என்றான். “அதுக்கு என்னத்துக்கு என்ர பலகை, காகிதத்தில கீறு.” “காகிதம் இடம்பெயர்ந்தால் நனையும், பலகையெண்டால் தலையில வைச்சுக்கொண்டு ஓடலாம், மழைக்குப் பிடிக்கலாம்.” எனக்கு அந்தப் பதில் பிடித்துக்கொண்டது. சரி, பலகை தருகிறேன், ஆனால் முதல் பலகையில் என்னைக் கீறித் தரவேண்டும் என்றேன். ஒரு குற்றியில் என்னை இருத்தி அவன் கீறத் தொடங்கினான். நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு, காது. அந்த நேரம் பார்த்து ஒரு மனிசி வந்தாள், மகனின் சேட் ஒன்றைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. புகைப்படம் ஒன்றும் இல்லை, வீட்டோடு எரிந்துவிட்டது, அடையாள அட்டை அவனோடு போய்விட்டது. அவள் பலகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். “தம்பி, மூக்கு இவ்வளவு தடிப்பில்லை,” என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. கிறகோரி என் மூக்கைக் கொஞ்சம் வழித்து மெல்லிசாக்கினான். “நாடி கூர்.” நாடியைக் கூராக்கினான். “புருவம் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு.” சேர்த்தான். ஒரு மணித்தியாலத்தில் என் படம் போய் அவளுடைய மகன் வந்துவிட்டான். அவள் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். காதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. “என்ர படம் எங்கயடா,” என்றேன். “உன்ர முகம் சோத்துப் பானை மாதிரி மச்சான், என்ன கறியும் ஊத்தலாம். நாளைக்கும் வந்து இரு.”

அப்படித்தான் அது தொழிலாக வந்தது. புகைப்படம் உள்ள வீடுகளுக்கு அதைப் பார்த்துக் கீறினான், இல்லாத வீடுகளுக்கு நான். முதலில் பலகையின் பின்பக்கம் செத்தவரின் பெயரை எழுதுவான், பெயர் எழுதாமல் தூரிகையைத் தொடமாட்டான். பிறகு என் முகத்தை அப்படியே ஒரு முறை கீறுவான், அதற்கு முதல் முகம் என்று பெயர். பிறகு சொந்தக்காரர் சுற்றி இருந்து சொல்லச் சொல்ல மாற்றுவான். எனக்கு வேலை அசையாமல் இருப்பது. அசையாமல் இருந்தவர்களுக்குத் தெரியும், அது லேசு இல்லை. செத்த பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒரு தாய் உம்முடைய முகத்துக்குள் இறங்குவாள், பாரும், அடி எடுத்து வைத்து வைத்து இறங்குவாள், கண்ணுக்குள்ளே, வாய்க்கடையில், அங்கே இங்கே கிளறிப் பார்ப்பாள், நீர் கண் சிமிட்டினால் அவளுக்குக் கோபம் வரும். ஒரு தகப்பன் திடீரென்று என் முகத்தைப் பார்த்து ஏசத் தொடங்கினான், வேண்டாம் போகாதே எண்டு சொன்னனான் கேட்டியா, கேட்டியா என்று. நான் கேட்கவில்லை என்று தலையாட்டினேன். வேறென்ன செய்ய. ஒரு சின்னப் பிள்ளை என் கன்னத்தைத் தொட்டு, இந்த இடத்தில அண்ணாவுக்கு ஒரு குழி என்றது. அன்றைக்குப் பின்னேரம் நான் முகம் கழுவும்போது அந்த இடத்தில் விரல் இறங்கியது. குழி இல்லை, எனக்குத் தெரியும், ஆனால் இறங்கியது. அதற்குப் பிறகு ஷெல் என்னைச் சுற்றி விழத் தொடங்கியது. சுற்றி என்றால் சுற்றித்தான், மேலே இல்லை. நான் எழும்பிப் போன இடத்தில் விழும், நான் வரப்போன இடத்தில் எனக்கு முன்னம் விழும். நாகேஸ் கோயில் நேர்த்தி என்று சொன்னாள். நான் வேறு மாதிரி நினைத்தேன், அந்த நினைப்பை யாரிடமும் சொன்னதில்லை: என் முகத்தோடு அத்தனை பேர் முதலே போய்விட்டார்கள், தேடி வருகிற சாவு என்னைக் கண்டாலும் இவனை ஏற்கெனவே எடுத்தாச்சு என்று திரும்பிப் போகிறது. இப்போது திரையில் ஒன்பதாவது வீடு. ஒரு இளம்பெண் விளக்கு ஏற்றி, வாழையிலையில் சோறும் கறியும் படைத்து, அண்ணாவுக்கு இறால் பிடிக்கும், அதனால ஒவ்வொரு வருசமும் இறால் வைக்கிறது என்று சொல்கிறாள். படத்தில் இருக்கிறவன் என் காதோடு அவளைப் பார்க்கிறான். ஒன்பது வீட்டில் எனக்குப் படைக்கிறார்கள். நீர் போகாத வீடுகள் எத்தனையோ. எனக்கு உப்பும் உறைப்பும் தெரியாமல் போய்ப் பதினாறு வருடம், எந்தக் கறியைத் தின்றாலும் யாரோ தின்றுவிட்டு வைத்த மிச்சம் மாதிரி இருக்கும், டொக்டர் சீனி வருத்தம் என்றார். இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒத்துக்கொள்ளாது, ஆனால் இந்த நிமிடம் என் நாக்கில் இறால் மணக்கிறது.

பொலித்தீனில் எங்கோ ஒரு ஓட்டை. அதனூடாக வெயில் ஊசி மாதிரி இறங்கி முன்வரிசையில் ஒரு நரைத்த தலையில் நிற்கிறது. றெஜினா. கிறகோரியின் மனைவி. அந்தப் பலகையை உமக்குக் கொடுத்தது அவள்தான், திரையிலே சொல்கிறாள், கூடாரத் தறப்பாளைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு கடலேரியைக் கடந்தேன் என்று. நீர் பலகையைத் திருப்பிக் காட்டுகிறீர். பின்பக்கத்தில் கிறகோரி என்று அவனுடைய எழுத்து. உடனே உம்முடைய குரல், ஓவியர் தன் இறுதி நாட்களில் வரைந்த சுய உருவப்படம் என்கிறது. உம்மில் பிழை இல்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது, சொல்லமாட்டேன். பெயர் எழுதினால் அந்தப் பெயருக்குரியவன்தான், அது அவனுடைய வழக்கம்தான். ஆனால் பெயர் எழுதின பிறகு முதல் முகம் வரும். அது முதல் முகம் மட்டும். அதற்கு மேல் ஒரு கீறு விழவில்லை. எனக்குத் தெரியும், இருந்தவன் நான். கடற்கரை மணலில், தறப்பாளுக்குக் கீழே, கடைசிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான், “என்ர பேரை எழுதிப்போட்டன். இரு.” “கண்ணாடியைப் பாத்துக் கீறன், என்னத்துக்கு நான்.” “கண்ணாடியில இருக்கிறவனை எனக்கு மட்டும்தான் தெரியும். றெஜினாவுக்குத் தெரிஞ்ச முகம் வேற. மற்றவை சொல்லுறதுதானடா முகம்.” நான் இருந்தேன். முதல் முகம் முடியும்போது வெளிச்சம் போய்விட்டது. “விடியக் காலமை வந்து என்னைப் பாத்துச் சொல்லு, நீதான் சொல்லவேணும், றெஜினாவைச் சொல்ல வைக்கேலாது, அவள் அழுவாள்,” என்றான். வாறன் என்றேன். விடிய முன்னம், கரையை விட்டுப் போகிற ஒரு டிரக்டர் பெட்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்று ஒருவன் வந்தான். நான் நாகேஸின் காப்பைக் கழற்றிக் கொடுத்துப் பேசினேன். நன்றாகப் பேசினேன், என் வாழ்க்கையில் அதைவிடக் கெட்டித்தனமாக நான் எதையும் பேசி வாங்கியதில்லை. டிரக்டர் கிறகோரியின் தறப்பாளைத் தாண்டித்தான் போனது. தறப்பாள் மூடியிருந்தது. நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் இடம் கேட்பான் என்று நினைத்தேனோ, நித்திரையைக் குழப்பக்கூடாது என்று நினைத்தேனோ, இரண்டையும் பதினாறு வருடமாக மாற்றி மாற்றி நினைக்கிறேன். அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு கிறகோரியைக் கண்டவர்கள் இல்லை.

சரி, மாசிலாமணி, இப்போது சொல்லு. பதினாறு வருடம் பிந்திப்போச்சு, பரவாயில்லை, இருக்கிற இடத்தில் இருந்தே சொல்லு, கிறகோரியின் முகம் எப்படி. நான் கண்ணை மூடித் தேடுகிறேன், வருகிறது திரையில் இருக்கிற முகம். என் முகம் வந்து குந்துகிறது. தள்ளினால் ஒரு பக்கம் போய் மறு பக்கத்தால் வருகிறது. நெற்றி, நெற்றி உயரம், இல்லை அது தவில்காரரின் நெற்றி. நேற்று வரைக்கும் எனக்கு அவனைத் தெரியும், சத்தியமாகத் தெரியும், குற்றிகளுக்கு நடுவில் நடந்து வருகிறதைக் கண்டிருக்கிறேன், உம்முடைய படம் ஓட ஓட அவன் அழிகிறான், ஈரத் துணியால் துடைக்கிற மாதிரி. அந்த நேரம் படம் முடிந்து, வெளிச்சம் போடாமல், ஒலிவாங்கியில் யாரோ, ஓவியருக்கு அகவணக்கம், எல்லாரும் எழும்பவும் என்றார்கள். திரையில் என் முகம் பெரிதாக நிற்கிறது. எல்லாரும் எழும்புகிறார்கள், கதிரைகள் கிறீச்சிடுகின்றன, இருநூறு பேர் என்னைப் பார்த்துத் தலை குனிகிறார்கள். பக்கத்தில் ஒரு மனிசன் விம்முகிறான், எனக்காக, என் தோளில் முட்டிக்கொண்டு நின்று. நான் கதிரையிலேயே இருந்தேன். எழும்பினால் நான் ஒத்துக்கொண்ட மாதிரி, இருந்தால் கிறகோரிக்கு மரியாதை செய்யாத மாதிரி. நாகேஸ் கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்கினாள். எழும்பினேன். திரையைப் பார்க்காமல் முன்னால் நின்றவனின் பிடரியைப் பார்த்தேன். அந்தப் பிடரியில் ஒரு வடு, பழைய அம்மை வடு, பருப்பளவு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு புருவம் வந்தது. வலது புருவம், நடுவில் மயிர் இல்லாமல் உடைந்து. அம்மை வடு. அதைப் பிடித்துக்கொண்டேன். அதற்குக் கீழே கண், கோபம் வந்தால் மற்றதைவிடச் சின்னதாகிற கண். மேல் உதடு மெல்லிசு, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டுதான் கீறுவான், அதனால் நடுவில் எப்போதும் வெடிப்பு. கழுத்து நீளம், குரல்வளை துருத்தி நிற்கும். வருகிறான். வருகிறான். அவனுடைய காது எப்படி? தெரியவில்லை. ஒருநாளும் பார்க்கவில்லை. அந்த இரண்டு நிமிடமும் நான் அவனுடைய காதைத் தேடிக்கொண்டு நின்றேன்.

வெளிச்சம் போட்டார்கள். தேத்தண்ணி கொண்டுவந்தார்கள். உம்மைச் சுற்றி ஆட்கள், ஒரு அம்மா உமக்குப் பொன்னாடை போர்த்துகிறார், அடுத்த கிழமை வெளிநாடுகளுக்குப் படம் போகுதாம், ஏழு நாடு என்று யாரோ சொல்லக் கைதட்டுகிறார்கள். நான் றெஜினாவிடம் போனேன். கப்பைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. “வருவீங்கள் எண்டு தெரியும்,” என்றாள். “அது நான் எண்டு உமக்குத் தெரியும்தானே,” என்றேன். “தெரியும்.” “தெரிஞ்சுகொண்டு ஏன் குடுத்தீர்?” கோபத்தில் என் குரல் ஏறிவிட்டது. நாகேஸ் பின்னால் நின்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். றெஜினா மெதுவாகச் சொன்னாள், “பின்னுக்கு அவரின்ர பேர் இருந்தது. எனக்கு விளக்கு வைக்க ஒரு முகம் வேணும் எல்லோ. முதல் இரண்டு மூண்டு வருசம் இது மாசிலாமணி அண்ணை, இது மாசிலாமணி அண்ணை எண்டு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லித்தான் கும்பிட்டனான். பிறகு சொல்ல மறந்திட்டன். இப்ப கனவிலயும் அவர் உங்கட முகத்தோடதான் வாறார். வந்து என்ர பக்கத்தில இருக்கிறார், குரல் அவரின்ர குரல்.” நாகேஸ் சட்டையை விட்டுவிட்டாள். “வலது புருவம்,” என்றேன். “என்ன?” “வலது புருவம் நடுவில உடைஞ்சிருக்கும். அம்மை வடு.” றெஜினா கப்பைக் கீழே வைத்தாள். அவளுடைய விரல் மெல்ல எழும்பித் தன் புருவத்தின் நடுவைத் தொட்டது. “ஓம்,” என்றாள். “கலியாணத்தண்டைக்கு மையால தீட்டி மறைச்சவர். நான்தான் தீட்டி விட்டனான்.” பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தாள். “மற்றது சொல்லுங்கோ அண்ணை. கண். கண்ணைச் சொல்லுங்கோ.”

அதைச் சொல்ல வாயெடுக்கும்போதுதான் உம்முடைய ஆட்கள் வந்து, அம்மா, ஒரு குறூப் படம் எடுக்கவேணும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தா நிற்கிறாள், திரைக்கு முன்னால், பொன்னாடைக்குப் பக்கத்தில், என் முகத்தடியில். புருவம் கையில் வந்தவளுக்கு மிச்சம் வரமுன்னம் நீர் திரும்பவும் என்னை அவளுக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறீர். கேளும், நான் வாசல் கதவடியில் நிற்கிறேன், இந்த மண்டபத்துக்கு வாசல் ஒன்றுதான். நான் உம்மிடம் வேறொன்றும் கேட்கவில்லை. காசு வேண்டாம், என் பெயர் வேண்டாம், அந்த ஒன்பது வீட்டையும் குழப்பவேண்டாம், அவர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கிறகோரி ஒருத்தன்தான் வரவில்லை. படத்தை நிறுத்தி வையும். ஏழு நாடும் ஒரு மாதம் பொறுக்கும், பொறுக்காவிட்டால் அந்த இடத்தில் வெறும் பலகையைக் காட்டும். கீறத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு மரக்காலைக்கு வாரும், என் முகத்துக்கு மேலேயே கீறட்டும், றெஜினா ஒரு பக்கம் இருக்கட்டும், நான் ஒரு பக்கம் இருக்கிறேன், அவளுக்குத் தெரியாததை நான் சொல்வேன், எனக்குத் தெரியாததை அவள் சொல்வாள். அவள் அழுதால் நிறுத்தும், அழுது முடியத் தொடங்கும். முதல்முறை நீர் வந்தபோது ஏசினேன், ஓம், ஏசினேன். நீர் திரும்பி வரவில்லை. இந்த முறை நீர் வாரும். பிழையை ஊருக்கெல்லாம் காட்டின உம்முடைய கையாலேயே திருத்தும். நாள் சொல்லிவிட்டு இந்த வாசலைத் தாண்டும்.